ஊசிக்கு ஒரு பிறந்த நாள், வளர்ச்சிக்கு ஒரு பிறந்த நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் எடைக்குறைவு பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவரும் செய்திகளைத் தவறாமல் படிப்பவள் நான். அவற்றில் எடை, உயரம், சத்துமாவு எல்லாம் வருகின்றன. ஆனால் ஒரு குழந்தையின் வயதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற கேள்வி அவற்றில் எழுந்து நான் பார்த்ததில்லை. என் மகளின் இருபது மாதங்களும் அந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்ந்தவை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்குத் தாய்வீடு பாகூர், புகுந்த வீடு கடலூர் மஞ்சக்குப்பம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு வழக்கம்போல் தாய்வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். போன மூன்றாம் வாரமே இரத்த அழுத்தம் ஏறிவிட்டதால், 40 வாரத்தில் பிறக்க வேண்டியவள் 32 வாரம் முடிந்த நிலையில் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் பிறந்தாள். எடை 1,640 கிராம். ஏழு மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாதத்துப் பிள்ளை தங்காது என்று எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. உறவினர் ஒருவர் அதை மருத்துவமனை வராந்தாவிலேயே நின்று சொன்னார். உண்மை அதற்கு நேர்மாறானது என்றும், வயிற்றில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலமே என்றும் அங்கிருந்த செவிலியர் என் தாயாருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகுதான் அவர் அழுகையை நிறுத்தினார்.

இருபத்தாறு நாட்கள் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்தோம். அதில் பாதி நாட்கள், மேலாடை இல்லாத அந்தச் சிறிய உடலை என் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சாய்வு நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தேன். கங்காரு பராமரிப்பு என்று அதைச் சொல்கிறார்கள். இன்குபேட்டர்கள் போதாமல் தவித்த கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில் 1978-இல் தொடங்கிய முறை அது என்று பின்னர் அறிந்தேன். என் மூச்சு ஏறி இறங்குவதற்கேற்ப அவளுடைய மூச்சும் சீராவதைத் தோலால் உணர்ந்த அந்த நாட்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே காதைச் சோதித்தார்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ எடை 2,000 கிராமுக்குக் குறைவாக இருந்தாலோ குழந்தையின் விழித்திரையை முப்பது நாட்களுக்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று சொல்லி, கண்ணையும் பார்த்தார்கள். விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முழுமையாக வளராமல் பிறந்த குழந்தைக்கு, வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலே பார்வை போய்விடக்கூடும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

கிளம்பும் நாளில் மருத்துவர் ஒரு தாளில் இரண்டு தேதிகளை எழுதித் தந்தார். ஒன்று அவள் பிறந்த நாள். மற்றொன்று பிரசவத்துக்கு முதலில் குறித்திருந்த நாள். தடுப்பூசிக்கு எப்போதும் பிறந்த நாள்தான் கணக்கு, குறைமாதக் குழந்தை என்று அதைத் தள்ளிப் போடக் கூடாது என்றார். எடையும் உயரமும் தலைச் சுற்றளவும், தலை நிற்பதும் உட்காருவதும் பேசுவதும் மட்டும் குறித்த நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும், அதற்குத் திருத்திய வயது என்று பெயர், இரண்டு வயது நிறையும் வரை இந்தக் கணக்கை விடாதீர்கள் என்றார். என் மகளுக்கு அந்த இடைவெளி எட்டு வாரம். சொன்னபோது எளிதாகத்தான் இருந்தது.

ஐந்தாம் மாதம் குழந்தையோடு கடலூர் வந்தேன். பாகூருக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் இடையே பேருந்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது, தாய் சேய் நல அட்டையும் மாறிவிடுகிறது. இங்கே புதிதாக எழுதிக் கொடுத்த அட்டையில் பிறந்த தேதிக்கு இடம் இருந்தது, பிறந்தபோதிருந்த எடைக்கும் இடம் இருந்தது. குறித்த தேதியை யாரும் கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. மருத்துவர் எழுதிய தாளோ பாகூரில் பீரோவுக்குள் இருந்தது.

ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்கு ஒரு புதன்கிழமை போயிருந்தோம். எடை போட்டு, அட்டையைப் பார்த்து, குழந்தையைப் பார்த்து, "ஒன்பது மாசம் ஆகுது, இன்னும் உக்காரலையா? மூளை வளர்ச்சி எப்படி இருக்குன்னு எங்கயாவது காட்டினீங்களா?" என்று அங்கிருந்த ஒருவர் கேட்டார். பின்னால் வரிசையில் பத்துப் பதினைந்து தாய்மார்கள் நின்றிருந்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவர் கையில் இருந்த அட்டை அப்படித்தான் கேட்க வைத்தது. ஆனால் அன்றிரவு முதல் நான் தூங்கவில்லை. ஏணையில் ஆடிக்கொண்டிருந்தவளைத் தூக்கி உட்கார வைப்பதும், அவள் ஒரு பக்கம் சரிவதும், நான் அழுவதுமாக மூன்று வாரம் கழிந்தது. கைப்பேசியில் தேடிப் படித்ததெல்லாம் அச்சத்தைப் பெருக்கியது. பக்கத்துத் தெருவில் என் நாத்தனார் மகன், இவளுக்குப் பத்து நாள் இளையவன், அப்போது தரையில் உட்கார்ந்து கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் போவதையே நிறுத்திவிட்டேன். அது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் தாயார் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பேருந்தேறி வந்த அன்றுதான் கணக்கு சரியானது. ஒன்பது மாதத்தில் எட்டு வாரத்தைக் கழித்தால் ஏழு மாதம் சொச்சம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட அளவுகளின்படி, ஆரோக்கியமான குழந்தை பிடிமானமின்றி உட்காருவது 3.8 மாதத்திலும் நிகழலாம், 9.2 மாதத்திலும் நிகழலாம். தனியாக நடப்பதற்கு 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை இடம் விட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ ஒன்பது மாத அகலமுள்ள வாசல் அது. அந்தக் குழந்தைகளில் 4.3 சதவீதத்தினர் மண்டியிட்டுத் தவழாமலே அடுத்த நிலைக்குப் போயிருக்கிறார்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தியைப் போலத்தான். வயிற்றால் நீந்தினாள், ஒருநாள் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்றாள், மண்டி போட்டு நான் பார்த்ததே இல்லை.

இதைவிட முக்கியமாக எனக்குப் பட்ட செய்தி ஒன்று உண்டு. அங்கன்வாடியில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு எனப் பட்டைகள் போட்ட வளர்ச்சி அட்டையில் மாதந்தோறும் புள்ளி வைக்கிறார்களே, அந்தப் பட்டைகளுக்கு அடிப்படையான அளவுகள் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை மட்டும் வைத்து எடுக்கப்பட்டவை. அப்படியிருக்க, எட்டு வாரம் முன்னால் வந்துவிட்டவளைப் பிறந்த தேதியில் வைத்துப் புள்ளியிட்டால், அவள் மஞ்சளில் விழுவதில் என்ன வியப்பு? அதே எடையைத் திருத்திய வயதில் குறித்தபோது அவள் பச்சைப் பட்டைக்குள் இருந்தாள். கோடும் மாதந்தோறும் மேல்நோக்கியே சென்றிருந்தது. ஒரு புள்ளி எந்தப் பட்டையில் விழுகிறது என்பதைக் காட்டிலும் கோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். மஞ்சளில் இருந்தாலும் ஏறுகின்ற கோடு ஆறுதலானது. பச்சையில் இருந்தாலும் இரண்டு மூன்று மாதம் படுத்துவிட்ட கோட்டைக் கவனிக்காமல் விடக் கூடாது.

எங்கள் மாமனார் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நான் கலங்கிக் கிடந்த நாட்களில் அவர் ஒரு மாலை என்னை உட்கார வைத்து, பிள்ளைத்தமிழின் பருவங்களைச் சொன்னார். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்ற பெயர்கள், மடியில் குழந்தையோடு கேட்டபோது வேறாக ஒலித்தன. ஐந்தாம் மாதத்தை ஒட்டி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தை ஒட்டி இரு கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. ஓராண்டை ஒட்டித் தளர்நடையிட்டு வருவது வருகை. நூலுக்கு நூல் இந்த மாதக் கணக்கு சற்று முன்பின்னாக இருக்கும் என்றும் அவர் சொன்னார். அந்த முன்பின்தான் எனக்குப் பெரிய நிம்மதியைத் தந்தது.

நம் மொழியில் உடல் பெருப்பதற்கும் வளர்ச்சி என்கிறோம், அறிவும் அசைவும் பேச்சும் முதிர்வதற்கும் வளர்ச்சி என்கிறோம். ஒரே சொல்லாக இருப்பதால்தானோ என்னவோ, தராசில் முள் சரியான இடத்தில் நின்றுவிட்டால் வளர்ச்சி முழுவதையும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் ஒரு பருவத்தையும் எடையால் குறிக்கவில்லை. கழுத்து என்ன செய்கிறது, கை என்ன செய்கிறது, நாக்கு என்ன செய்கிறது, அடுத்தவர் அழைத்தால் பிள்ளை திரும்பி வருகிறதா என்றுதான் பார்த்திருக்கிறார்கள். என் மாமியார், குழந்தை முதன்முதலாகக் குப்புற விழுந்த அன்று கொழுக்கட்டை பிடித்துத் தெருவெல்லாம் கொடுத்தார். அதுவும் ஒருவகைப் பதிவுதான். அட்டையில் ஏறாத பதிவு.

இவ்வளவையும் படிப்பவர்கள், எல்லாக் குழந்தையும் தன் நேரத்தில் தானே வரும், கவலைப்பட ஏதுமில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டால் அது பெரும் பிழையாகிவிடும். எங்கள் குடியிருப்பில் ஒரு சிறுவன் இருக்கிறான். இரண்டரை வயது வரை பேசவில்லை. "அவன் அப்பனே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருந்தார், எல்லோரும் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தோம், நானும்தான். கடைசியில் இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்தது. பிறவியிலேயே காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் சிரிக்கும், 'ங்கா' என்று சத்தம் எழுப்பும், முகத்தைப் பார்க்கும். ஆறேழு மாதத்துக்கு மேல் 'பாபா', 'தாதா' என்று அடுக்கிச் சொல்ல வேண்டிய காலத்தில்தான் அதன் சத்தம் மெல்லக் குறையும். அதனால்தான் பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்று மருத்துவ உலகம் கெடு வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்லியர் உள்வைப்பு, அதாவது ஒலியை உணர உதவும் கருவியைக் காதுக்குள் பொருத்தும் அறுவை சிகிச்சை, செய்யப்படுகிறது. மொழி படியும் காலம் முதல் சில ஆண்டுகள்தான் என்பதால், அங்கே தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் குழந்தைக்கு இழப்பு.

அதேபோல் ஒரு வயதுக்குள் குழந்தை ஒரு கையை மட்டுமே நீட்டி எதையும் வாங்கினால், இப்போதே சோற்றுக்கை தெரிந்துவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். அந்த வயதில் இரு கைகளும் ஒன்றுபோல இயங்க வேண்டும், ஒன்றை ஒதுக்குகிறது என்றால் அந்தப் பக்கம் வலுவில்லையா என்று பார்க்க வேண்டும் என்பதை இயன்முறை மருத்துவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். திருத்திய வயதில் நான்கைந்து மாதமாகியும் தலை நிற்காதது, பதினெட்டு மாதமாகியும் நடக்காதது, எந்த வயதிலானாலும் கற்றதை மறப்பது ஆகியவற்றுக்கு எந்தப் பாட்டியின் ஆறுதலும் மருந்தல்ல. திருத்திய வயது என்பது சாக்கு அல்ல. எட்டு வாரத்தைக் கழித்த பிறகும் பின்தங்கினால் அது உண்மையான பின்தங்கல்தான் என்று துணிந்து சொல்லவும் அதே கணக்குதான் உதவுகிறது.

அவள் நிற்கத் தொடங்கியதும் ஒரு உறவினர் அன்போடு பிளாஸ்டிக் வாக்கர் வாங்கி வந்தார். அதில் உட்கார வைத்தால் சீக்கிரம் நடந்துவிடுவாள் என்று எல்லோரும் நம்பினார்கள். உட்காருமிடம் தொங்கிக்கொண்டிருக்கக் கால் நுனியால் தள்ளிப் பழகுவதால் நடை விரைவதில்லை, படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்துதான் மிச்சம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. மாமனார் பண்ருட்டிப் பக்கத்துத் தச்சர் ஒருவரிடம் பலாக்கட்டையில் மூன்று சக்கர நடைவண்டி செய்து வாங்கி வந்தார். அதில் குழந்தை தன் காலில் தானே நிற்க வேண்டும், தன் எடையைத் தானே தாங்க வேண்டும், தள்ள மனமிருந்தால்தான் வண்டி நகரும். பிறந்த கணக்கில் பதினைந்தரை மாதத்தில், திருத்திய கணக்கில் பதின்மூன்றரை மாதத்தில், அந்த வண்டியை விட்டுவிட்டு நான்கு எட்டு நடந்து வந்து என் புடவையைப் பிடித்தாள்.

தமிழ்நாடு, புதுச்சேரி ஆகிய இரு அரசுகளின் சுகாதாரத் துறைகளுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் வேண்டுகோள் செலவில்லாதது. 37 வாரத்துக்கு முன் பிறந்த ஒவ்வொரு குழந்தையின் அட்டையிலும், முதல் பக்கத்திலேயே, பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியைச் சிவப்பு மையில் எழுதிவிடுங்கள். அட்டையை வாங்குபவர் கடலூர்க்காரராக இருந்தாலும் காரைக்கால்காரராக இருந்தாலும் அந்த ஒரு வரியைப் பார்த்தாலே கழித்துக்கொள்ளத் தெரிந்துவிடும். தாய்வீட்டில் பிள்ளை பெற்று, புகுந்த வீட்டில் வளர்ப்பது நம் வழக்கம். எல்லையோர ஊர்களில் அது இரண்டு மாநிலங்களாகவே அமைந்துவிடுகிறது. ஓர் அட்டையிலிருந்து மற்றோர் அட்டைக்கு எடையோடு இந்தத் தேதியும் பயணம் செய்ய வேண்டும்.

புதன்கிழமைகளில் கூட்டம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், செவிலியர்களின் சுமையையும் நான் நேரில் பார்க்கிறேன். இருந்தாலும் ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் எப்படியும் எங்களைக் காத்திருக்கச் சொல்கிறீர்கள். அந்த அரை மணி நேரத்தில், கூப்பிட்டால் திரும்புகிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா, இரு கைகளாலும் பொருளை எடுக்கிறதா என்று ஒரு பணியாளர் கேட்டுக் குறித்தால் போதும். ஐயம் இருந்தால் அனுப்பி வைப்பதற்கு 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் என்ற ஏற்பாடும் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே என்னுடன் வரிசையில் நின்ற தாய்மார்களில் பலருக்குத் தெரியவில்லை. வளர்ச்சிப் படிநிலைகள் அட்டையிலேயே படம் போட்டு அச்சிடப்பட்டுள்ளன. ஆனால் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டி ஒருவரும் எனக்கு விளக்கியதில்லை.

சென்ற பௌர்ணமியன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போயிருந்தோம். மணலில் நின்றிருந்தவள் கடலுக்கு மேல் எழுந்த நிலவை ஒற்றை விரலால் சுட்டிக்காட்டி, நான் பார்க்கிறேனா என்று என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு மறுபடி நிலவைப் பார்த்தாள். குழந்தை தனக்கு வேண்டியதைக் கேட்பதற்காக அல்லாமல், தான் கண்டதை இன்னொருவரும் காண வேண்டும் என்பதற்காக விரல் நீட்டுகிறதா என்பதை ஒன்றரை வயதில் மருத்துவர்கள் கேட்பதுண்டு. அதே வயதை ஒட்டித்தான் அம்புலிப் பருவம் வருகிறது என்று மாமனார் பக்கத்தில் நின்று சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அட்டையின் ஓரத்தில் அந்தத் தேதியை நானே எழுதி வைத்தேன், திருத்திய வயது பதினெட்டு மாதம் என்று. இன்னும் ஆறு மாதத்தில் இந்தக் கழித்தல் கணக்கு முடிந்துவிடும். அதன் பிறகு அவளுக்கு ஒரு பிறந்த நாள் போதும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
மஞ்சக்குப்பம், கடலூர்.